தூளிக்கு எத்தனை பிபிஎம்?

லினக்ஸில் பாட்டு பதிவு செய்ய முடியுமா என்று பத்து வருடத்துக்கு முன்னால் யாராவது கேட்டால், "முடியும், ஆனா..." என்று இழுப்பேன். இப்போது அந்த "ஆனா" தேவையில்லை. யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸைச் செருகினால் அது பாட்டுக்கு வேலை செய்கிறது. இந்தக் குறிப்பு வேறொரு "ஆனா"வைப் பற்றியது. மாரமங்கலத்தில் நான் பதிவு செய்த ஒரு நாலு நிமிடத் தாலாட்டை, நல்லது செய்கிறேன் என்று நினைத்து, நானே எப்படிக் கெடுத்தேன், அதில் என் தப்பு எவ்வளவு, மென்பொருளின் தப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் முயற்சி.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

லினக்ஸ் ஒலிப்பதிவின் பழைய தலைவலி தாமதம். மைக்கில் பாடியது ஹெட்போனில் சற்றுப் பின்தங்கிக் கேட்டால் பாடுபவர் தடுமாறிவிடுவார். இதற்காகவே பால் டேவிஸ் 'ஜாக்' என்ற ஒலிச் சேவையகத்தை எழுதினார். அதே ஆள் தொடங்கியதுதான் 'ஆர்டோர்' என்ற பல தட ஒலிப்பதிவு மென்பொருளும். ஒரு வினாடிக்கு 48,000 மாதிரிகள், ஒரு தடவைக்கு 256 மாதிரிகள் என்று வைத்தால் ஒரு பஃபருக்கு 5.3 மில்லிவினாடி. காதுக்குத் தெரியாத தாமதம். ஆனால் அந்த அளவை விடாமல் பிடித்துவைக்க அந்தக் காலத்தில் கெர்னலையே தனியாகத் தொகுக்க வேண்டியிருந்தது. இன்று பைப்வயர் வந்து ஜாக் செய்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. நிகழ்நேரக் கெர்னல் ஒட்டு 2024-இல் 6.12 பதிப்போடு முதன்மைக் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. இருபது வருட உழைப்பு. காசு வாங்காமல் நமக்குக் கிடைக்கிறது.

ஆர்டோரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் வேலைக்கோப்பு வெறும் எக்ஸ்எம்எல். நோட்பேட் மாதிரி எதிலும் திறந்து படிக்கலாம். வெட்டினாலும் நகர்த்தினாலும் மூல ஒலிக்கோப்பைத் தொடுவதில்லை. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் மாற்றுகிறது. இந்தக் குணம்தான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மாரமங்கலம் சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சி. ஏரிக்கரையில் படகு விட வருகிற கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த மலையின் பூர்வகுடிகள் மலையாளி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளாவோடு முடிச்சுப் போட வேண்டாம்; மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக அவர்களுடைய மரபுக்கதை சொல்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வயதான ஆயா ஒருவர் தாலாட்டுப் பாடுவார். பேத்தியின் குழந்தை வந்திருந்தது. உத்தரத்தில் கயிறு போட்டுச் சேலையில் கட்டிய தூளி. லேப்டாப், இரண்டு சானல் இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக். வாசலுக்கு வெளியே காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் காற்று இரைந்துகொண்டிருந்தது. ஆயா ஒரு கையால் தூளியைத் தள்ளிக்கொண்டே பாடினார். நாலு நிமிடத்தில் குழந்தை தூங்கிவிட்டது. நான் நிறுத்து பொத்தானை அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். மூன்று காரியம் செய்தேன்.

ஒன்று, ஆர்டோரில் ஒவ்வொரு வரியையும் தனித் துண்டாக வெட்டி, கிரிட்டில் ஒட்ட வைத்தேன். ஆயா வரிக்கு வரி விட்ட இடைவெளி சீராக இல்லை என்று எனக்குத் தோன்றியது. போகப் போக இழுத்துக்கொண்டே போனார். எல்லா இடைவெளியையும் ஒரே அளவாக்கினேன்.

இரண்டு, ஆட்டோட்யூன். எக்ஸ்42 தொகுப்பில் ஒன்று உண்டு. ஃபான்ஸ் ஆட்ரியான்சென் எழுதிய சீட்டா-ஏடி1 என்ற கருவியை அடிப்படையாகக் கொண்டது. லேசாகத்தான் போட்டேன்.

மூன்று, ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கம். பாட்டு ஆரம்பிக்கும் முன் தூளி ஆடிக்கொண்டிருந்த ஆறு வினாடி இருந்தது. குரல் இல்லாத இடம். அதையே இரைச்சல் மாதிரியாகக் கொடுத்தேன். காற்று, கயிற்றின் கிறீச்சு எல்லாம் போய் நிசப்தம்.

கேட்க நன்றாகவே இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது மாதிரி. அடுத்த தடவை மலைக்குப் போனபோது ஆயாவிடம் ஹெட்போன் கொடுத்தேன். முழுக்கக் கேட்டார். கழற்றிவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இதுக்குக் கொழந்த தூங்காது."

நான் கேட்டதிலேயே கறாரான விமர்சனம் இதுதான். தாலாட்டுக்கு வேறு அளவுகோலே கிடையாது. என் பதிப்பு அந்தச் சோதனையில் தோற்றுவிட்டது.

ஏன் தோற்றது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் நேரம். ஆர்டோரில் புது வேலைக்கோப்பு திறந்தால் வேகம் 120 பிபிஎம், தாளம் நாலுக்கு நாலு. நான் அதை மாற்றக்கூட இல்லை. இந்த 120 எங்கிருந்து வந்தது? மிடி கோப்புத் தரநிலையில், வேகம் குறிப்பிடப்படாவிட்டால் ஒரு கால் சுரத்துக்கு 5,00,000 மைக்ரோவினாடி என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது நிமிடத்துக்கு 120. காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்களிலும் அதே எண்தான். கட்டற்ற மென்பொருள் அந்த எண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது. 120-இல் நாலுக்கு நாலு என்றால் ஒரு கட்டம் சரியாக 2 வினாடி. ஆயாவின் ஒவ்வொரு வரியையும் இரண்டு வினாடிக் கோட்டில் நான் இழுத்து ஒட்டியிருக்கிறேன்.

ஆயாவுக்கு அப்படியானால் தாளமே இல்லையா? இதைத்தான் மூலக்கோப்பைத் திறந்து பார்த்தேன். நான் இரைச்சல் என்று துடைத்த கயிற்றுக் கிறீச்சு அலைவடிவத்தில் சின்னச் சின்ன முள்ளாகத் தெரிந்தது. ஒரு கிறீச்சிலிருந்து அதே பக்கத்து அடுத்த கிறீச்சுக்கு ஏறக்குறைய 2.8 வினாடி. பாட்டின் தொடக்கத்திலும் அதுவே. முடிவிலும் அதுவே.

பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த ஊசல்தான். ஊசலின் அலைவு நேரம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. சின்ன வீச்சாக இருக்கும்வரை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்ததல்ல. குழந்தை படுத்திருக்கும் இடம் வரை சுமார் 2 மீட்டர் நீளம் என்றால், கணக்குப்படி ஒரு முழு ஆட்டத்துக்கு 2.84 வினாடி. தள்ளுவதை நிறுத்தினால் வீச்சு குறையும்; நேரம் கிட்டத்தட்ட மாறாது.

இப்போது ஆயாவின் வரிகளைக் கிறீச்சுகளோடு சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தூளி அவர் கைக்கு வரும் நேரத்தில் தொடங்குகிறது. ஒரு வரிக்கு இரண்டு ஆட்டம். ஆரம்பத்தில் வரிகளுக்கு நடுவே ஓர் ஆட்டம் சும்மா போகிறது. பிறகு இரண்டு. கடைசியில் மூன்று. இழுத்துக்கொண்டு போகிறார் என்று நான் நினைத்தது தவறு. குழந்தையின் கண் சொருகச் சொருக அவர் மௌனத்தை முழு ஆட்டங்களாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். கடிகாரத்தைவிடக் கறாரான தாளம் அந்த வீட்டில் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதன் சத்தத்தை அழித்துவிட்டு, மேலே வேறொரு தாளத்தைப் போட்டு, அந்த மௌனங்களையும் வெட்டி எறிந்திருக்கிறேன்.

அடுத்து சுருதி. ஆட்டோட்யூன் திரையில் 12 சுரங்களுக்கு 12 பொத்தான். வேண்டாததை அணைத்துக்கொள்ளலாம். அடிப்படை அலைவெண் 440, அதையும் மாற்றலாம். ஆனால் மாற்ற முடியாத ஓர் எண்ணம் அதில் இருக்கிறது: பாட்டு தொடங்கிய இடத்திலேயே சுருதி கடைசிவரை நிற்கும் என்பது. சுருதிப்பெட்டி இல்லாமல் தனியாகப் பாடுபவர்களுக்கு அப்படி நிற்பதில்லை. ஆயாவின் குரல் நாலு நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறக்குறைய அரை சுரம் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வரிக்குள்ளும் சுரங்களுக்கு நடுவே உள்ள தூரம் சரியாகவே இருந்தது; மொத்த ஏணியும் சேர்ந்து கீழே இறங்கியது. கருவிக்கு ஏணி தெரியாது. படி மட்டும்தான் தெரியும். குரல் இரண்டு சுரங்களுக்கு நட்டநடுவில் வந்தபோது, எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் ஒரு வரியை மேலேயும் அடுத்த வரியை கீழேயும் இழுத்துவிட்டது. மெல்ல அடங்கிய குரல், திடீரென்று படி தவறியது மாதிரி ஆகிவிட்டது. தூங்கப் போகிற குழந்தையைத் தட்டி எழுப்ப அது போதும்.

மூன்றாவது இரைச்சல். ஆடாசிட்டி செய்வது எளிமையான வேலை. நீங்கள் கொடுத்த மாதிரித் துண்டை அலைவெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் இவ்வளவு சத்தத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் குப்பை என்று எல்லை வைத்துக்கொள்கிறது. பிறகு முழுப் பாட்டிலும் அந்த எல்லைக்குக் கீழே வருவதை அமுக்குகிறது. எது குப்பை என்று அது முடிவு செய்யவில்லை, நான்தான் செய்தேன். தூளி ஆடும் ஆறு வினாடியை எடுத்துக் கொடுத்து "இதுதான் குப்பை" என்றேன். ஆக, இந்தப் பழி முழுக்க என்னுடையது. ஆனாலும் ஒரு குறை சொல்லலாம். "குரல் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்ற அந்த வழக்கத்திலேயே ஒரு முடிவு இருக்கிறது: குரல்தான் இசை, மற்றதெல்லாம் சத்தம். ஸ்டூடியோவில் அது சரி. உலக்கைப் பாட்டிலும் ஏற்றப்பாட்டிலும் தாலாட்டிலும் வேலையின் சத்தம்தான் பக்கவாத்தியம்.

"சார், இது உங்க தப்பு. கிரிட்டை அணைக்க ஒரு பொத்தான் இருக்கு, ஆட்டோட்யூனை யாரும் உங்களைப் போடச் சொல்லலை" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று தெரியும்: முன்னிருப்பு அமைப்பை மாற்றுகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். அது ஒரு பரிந்துரை மாதிரித் தெரியும். உண்மையில் அது தீர்ப்பு. திரையில் கோடுகள் வரைந்து வைத்திருந்தால் கை தானாகவே கோட்டுக்குத்தான் இழுக்கும். மூன்று கருவியும் எனக்கு எந்த இடத்திலும் தடை போடவில்லை. எச்சரிக்கவும் இல்லை. எல்லாமே சுலபமாக இருந்தது, அதுதான் பிரச்சினை.

நம் இசைக்குக் கட்டற்ற மென்பொருளில் யாருமே வேலை செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். 2011 முதல் 2017 வரை ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியில் காம்ப்மியூசிக் என்ற திட்டம் நடந்தது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமை. கர்நாடக இசைக்குச் சென்னை ஐஐடியும் கூட்டு. அதில் விளைந்த 'சராகா' தரவுத்தொகுப்பில் கர்நாடக இசை மட்டும் 249 பதிவுகள், ஐம்பது மணி நேரத்துக்கு மேல். பல பதிவுகளில் பாட்டு, வயலின், மிருதங்கம் தனித்தனித் தடமாகவே கிடைக்கிறது. ஆதார சுருதி என்ன, தாள ஆவர்த்தனத்தின் சமம் எந்த வினாடியில் விழுகிறது என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள். இதோடு 'எசென்ஷியா' என்ற திறமூல நிரல் நூலகமும் இருக்கிறது. இந்திய இசைக்கு ஆதார சுருதி கண்டுபிடிக்கத் தனி நிரல் அதில் உண்டு.

இந்த வேலையின் அழகு எதில் இருக்கிறது என்றால், 440-இலிருந்து தொடங்காமல் பாடுபவரின் ஆதார சுருதியிலிருந்து தொடங்குவதில். முதலில் இவர் எங்கே நிற்கிறார் என்று கேள். பிறகு அங்கிருந்து அள. சமத்தையும் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் பாட்டிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். ஆர்டோருக்கும் ஆட்டோட்யூனுக்கும் இல்லாத பணிவு இது.

ஆனால் ஆயாவின் பாட்டை எசென்ஷியாவில் கொடுத்துப் பார்த்தபோது அங்கும் முட்டியது. அந்த நிரல் பின்னணியில் தம்புரா ஒலிக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. மாரமங்கலத்து வீட்டில் தம்புரா ஏது? அதோடு, ஒரு பதிவுக்கு ஓர் ஆதார சுருதிதான் அது சொல்லும். இறங்கிக்கொண்டே போகும் சுருதிக்கு அதனிடம் பதில் இல்லை. மைலாப்பூர் சபா மேடைக்குத் தைத்த சட்டை மலைக்குப் பொருந்தவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை அது, நன்றாகச் செய்திருக்கிறார்கள். மீதி வேலை நம்முடையது.

என் உண்மையான புகார் இங்கேதான் வருகிறது. அது பால் டேவிஸ் மீதோ ஆடாசிட்டி மீதோ அல்ல. நம் மீது. தமிழில் கட்டற்ற மென்பொருள் என்றால் நாம் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்கிறோம்: இலவசமாகக் கிடைக்கிறது என்று கொண்டாடுகிறோம், மெனுவைத் தமிழாக்குகிறோம். இரண்டும் தேவைதான். ஆடாசிட்டியைத் தமிழ் மெனுவோடு பயன்படுத்தலாம் என்பது எனக்கும் சந்தோஷமே. ஆனால் மெனு தமிழில் இருந்தாலும் உள்ளே வேகம் 120 தான். மூலநிரல் திறந்து கிடப்பதன் பொருள், அந்த 120-ஐ யாரிடமும் அனுமதி கேட்காமல் மாற்றலாம் என்பது. அந்த உரிமையை நாம் எடுத்துக்கொள்ளாதவரை, கட்டற்ற மென்பொருளும் கட்டுள்ள மென்பொருளும் ஆயாவின் பாட்டை ஒரே மாதிரிதான் கெடுக்கும். ஒன்று காசு வாங்கிக்கொண்டு கெடுக்கும், மற்றது வாங்காமல் கெடுக்கும்.

மாற்ற வழியில்லையா என்றால், இருக்கிறது. ஆர்டோரின் 8-ஆம் பதிப்பிலிருந்து கிரிட் கோட்டைச் சுட்டியால் பிடித்து இழுத்துப் பதிவின் மேல் பொருத்தலாம். பாட்டை கிரிட்டுக்கு இழுப்பதற்குப் பதில் கிரிட்டைப் பாட்டுக்கு இழுப்பது. இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன். கயிற்றுக் கிறீச்சுகளில் கோடுகளை வைத்தேன். ஓர் ஆட்டத்தை நாலு பீட்டாகக் கொண்டால் 84-க்கும் 85-க்கும் நடுவில் வருகிறது. அதற்குப் பிறகு ஆயாவின் ஒவ்வொரு வரியும் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. நான் எதையும் நகர்த்தவில்லை.

இப்போது ஒரு மாதிரி வேலைக்கோப்பு செய்து வைத்திருக்கிறேன். வேலையோடு பாடும் பாட்டுகளைப் பதிவு செய்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். அதன் விதிகள் இவ்வளவுதான்:

மெட்ரோனோமும் கிரிட்டும் அணைந்தே இருக்கும். நேரக்கோடு நிமிடம், வினாடியில்.

இரண்டு சானல் இன்டர்ஃபேஸில் ஒன்று குரலுக்கு, மற்றது வேலைக்கு. தூளியானால் கயிற்றுக்குப் பக்கத்தில், உரலானால் உரலுக்குப் பக்கத்தில். இரண்டாவது மைக் மட்டமானதாக இருந்தாலும் பரவாயில்லை. தாளம் தெரிந்தால் போதும்.

இரைச்சல் மாதிரி எடுக்க வேண்டுமானால், வேலையும் நின்ற பிறகு, வெறும் காற்று மட்டும் இருக்கும்போது பத்து வினாடி எடுக்க வேண்டும்.

சுருதி திருத்தம் எந்தத் தடத்திலும் இல்லை.

மூலக்கோப்பு தொடப்படாது. அதன் ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்குப் போகும்.

இன்னும் தீராத வேலை ஒன்று உண்டு. கிறீச்சுகளை நான் கண்ணால் பார்த்துக் கையால் குறித்தேன். நாலு நிமிடப் பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போனது. இரண்டாம் தடத்திலிருந்து இந்த அடிகளைத் தானாகக் கண்டுபிடித்து ஆர்டோரின் வேக வரைபடமாக எழுதும் சின்ன நிரல் வேண்டும். வேலைக்கோப்பு எக்ஸ்எம்எல் என்பதால் முடியாத காரியமில்லை. பாதி எழுதியிருக்கிறேன். உரலுக்கு ஓரளவு வேலை செய்கிறது, தூளிக்கு இன்னும் காற்றையும் கயிற்றையும் குழப்பிக்கொள்கிறது. யாருக்காவது இதில் ஆர்வமிருந்தால் சேர்ந்து முடிக்கலாம்.

திருத்தாத பதிவை ஆயாவுக்குப் போன வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தை அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தது, அதனால் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆயா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். அவர் வலது கை மட்டும் மடியில் மெல்ல முன்னும் பின்னும் போய்வந்தது.